இடம் சுற்றிய படகு

என் மாமாவின் கல்யாணம் ஒரு மார்கழி மாதம் முழுவதும் ஒரு மைல்மீட்டர் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. லொறி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று டிரைவருக்கு முன்னால் இருக்கும் முள்ளுக்குச் சொல்லுமே, அந்த முறுக்குக் கம்பிதான். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய கல்யாணங்கள் ஜாதகத்திலும் நகைக்கடையிலும் தொங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குக் கேபிள் எவ்வளவோ தேவலை.

நாங்கள் இலங்கையில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அம்மா கொழுந்தெடுத்தாள். அப்பா ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோதைகளைப் பார்த்துக்கொண்டார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் அதே ஸ்டோரில் மெசின் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. லயம் என்னும் வரிசை வீட்டில் எங்கள் காம்பராவில் எங்களோடுதான் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தம்பியை அம்மாதான் வளர்த்தாள் என்பதால், அவர் எந்தப் பக்கம் வகிடு எடுப்பது என்பது வரை அம்மா வைத்ததுதான் சட்டம்.

மாமாவுக்கு என் தம்பி மேல் அளவுகடந்த பாசம் என்று நான் நம்பியிருந்தேன். பகலில் பிள்ளைக்காம்பராவில் விட்டிருக்கும் அவனைச் சாயங்காலம் தூக்கிவர அம்மா போகலாம், நான் போகலாம். ஆனால் மாமாதான் ஸ்டோரிலிருந்து எண்ணெய்க் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, தலைக்கும் கொஞ்சம் தண்ணீர் தடவிக்கொண்டு ஓடுவார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் லொறி டிரைவருடைய மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். தம்பியை வாங்கிவர மாமாவுக்கு வெகு நேரம் பிடிக்கும். தம்பி கனத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா என்னைப் போல வெகுளி இல்லை. கார்த்திகையில் ஒரு நாள் வெற்றிலை பாக்கோடு டிரைவர் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டுவிட்டாள். தோட்டத்துக்கு ஒரே லொறி, அதற்கு ஒரே டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஹட்டன் ஸ்டேசனில் இறக்கிவிட்டு வருகிற அந்த மனிதரிடம், தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே சற்றுத் தணிந்துதான் பேசுவார். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து சொந்தத்தில் ஒரு கணக்கப்பிள்ளை மாப்பிள்ளை தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக இருக்கிறது, அதையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார். மகள் என்ன நினைக்கிறாள் என்று அம்மா கேட்டதற்கு, அவள் வாயைத் திறந்தால்தானே தெரியும் என்றாராம். மாமாவைப் பற்றி அவருக்கு ஒரே குறைதான். நல்ல பையன், தங்கமான பையன், ஆனால் கல்யாண வயதில் விளையாட்டுப் படகு படகு என்று குளத்தைச் சுற்றித் திரிகிறான்.

அந்தப் பைத்தியம் துரையிடமிருந்து மாமாவுக்குத் தொற்றியது. கொழும்பில் நம்மவர்கள் ஆட்சி வந்துவிட்டது என்று சொன்னாலும் எங்கள் பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். ஸ்டோர் மெசின்களைச் சுற்றவைக்கும் தண்ணீருக்காக மேலே ஒரு குளம் கட்டியிருந்தார்கள். இக்கரை மண், அக்கரை கல் கட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும், நோட்டன் பிரிட்ஜ் மின்சார வேலையில் இருந்த ஓர் எஞ்சினியரும் மடியில் படகை வைத்துக்கொண்டு காரில் வந்து இறங்குவார்கள். கை நீளப் படகு, போட்டு என்போம், அதற்குள் கைமுட்டி அளவு எஞ்சின். மண்ணெண்ணெயும் ஈதரும் விளக்கெண்ணெயும் கலந்து அதற்குக் குடிக்கக் கொடுப்பார்கள். டிஸ்பென்சரியில் எங்கள் மூக்கைப் பிடித்து ஊற்றும் அதே விளக்கெண்ணெய்தான். அதைக் குடித்துவிட்டு எஞ்சின் போடுகிற கூச்சல் நியாயமானது என்று எனக்குப் பட்டது. இக்கரையில் இரண்டிரண்டு படகாக விடுவார்கள். அக்கரையை முதலில் நெருங்குவதை அங்கே நிற்கும் ஆள் குனிந்து பிடித்துக்கொள்வான். அதுதான் பந்தயம்.

மாமா அந்தப் படகுகளைத் தூக்கிக் கொடுத்து, துடைத்து வைத்து, கடைசியில் துரை வேண்டாம் என்று ஒதுக்கிய ஓர் எஞ்சினைக் கேட்டு வாங்கிவந்தார். அதை ஓடவைத்தும் விட்டார். உடல், தேயிலைப் பெட்டிப் பலகை. எவ்வளவு சாயம் பூசியும் பெட்டியில் குத்தியிருந்த எழுத்துகளில் பாதி வயிற்றுப் பக்கம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. எஞ்சின் ஆயிற்று, உடல் ஆயிற்று, பின்னால் சுற்றும் பித்தளைக் காத்தாடியும் ஆயிற்று. எஞ்சினையும் காத்தாடியையும் இணைக்கிற கம்பிதான் மாமாவின் உயிரை வாங்கியது. நேரான இரும்புக் கம்பி போட்டால், எங்கள் ஊர் ஈரத்துக்குப் பெட்டிப் பலகை முறுக்கிக்கொள்கிற ஒவ்வொரு நாளும் அது இறுகிப்போகும். தவிர, நேர் கம்பி சாய்வாகத்தான் இறங்கும். காத்தாடியும் சாய்ந்து நின்று தண்ணீரைக் கீழே தள்ளும். படகு மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு போகும். எஞ்சினியருடைய சிவப்புப் படகு மட்டும் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. அதில் வளையும் கம்பி போட்டிருந்தார்கள். மாமா ஒரு நாள் அதைத் துடைக்கிற சாக்கில் குப்புறக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"எஞ்சின் படுத்துக் கெடக்கணும், காத்தாடி நேரா பின்னால பாக்கணும், நடுவுல உள்ளதுதான் வளைஞ்சு குடுக்கணும்" என்று எனக்கு விளக்கினார். அப்பா அப்போது ஏனோ அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

ஹட்டனில் லொறி திருத்தும் சிங்கள மெக்கானிக் ஒருவர், பாஸ் என்று கூப்பிடுவோம், மாமாவுக்குச் சிநேகம். அவர் இரண்டு பழைய மைல்மீட்டர் கேபிள்களை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கி முறுக்கிச் செய்தது. வாலைப் பிடித்த பல்லியைப் போல எந்தப் பக்கமும் வளையும். வெட்டின இடத்தில் பிரிந்துபோகாமல் இருக்க மாமா முனைகளில் ஈயம் உருக்கி ஊற்றினார். அது போய் வர ஒரு செம்புக் குழாய் வேண்டும். குழாயைச் சும்மா வளைத்தால் நடுவில் நசுங்கிவிடும் என்று அதற்குள் மணலை இடித்து இடித்து நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, முழங்காலில் வைத்து மெல்ல வளைத்தார். மணலைச் சலித்துக் கொடுத்தது நான். குழாய்க்குள் கிரீஸ் அடைத்து, கேபிளை விட்டு, ஒரு முனையை எஞ்சின் சக்கரத்திலும் மறு முனையில் காத்தாடியையும் மாட்டினோம். விரலால் சுற்றினால் வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது.

முதல் ஓட்டத்துக்கு முன்னால் அம்மா வந்து நின்றாள். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, மூன்று முறை காட்டினாள். எஞ்சின் சக்கரத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால்தான் அது கிளம்பும். அந்தக் கயிற்றை எந்தப் பக்கமாகச் சுற்றி இழுத்தாலும் அந்தப் பக்கமாக அது பாட்டுக்கு ஓடும். அப்படி ஒரு சூது வாது தெரியாத எஞ்சின். மாமா இடப்பக்கம் சுற்றப் போனார். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தக் காரியமும் வலமாத்தான் சுத்தணும். கோயில்ல நீ எடமா சுத்துவியா?"

ஸ்டோரில் பாதி ரோதை இடம் சுற்றித்தான் ஓடுகிறது என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அது வெள்ளைக்காரன் மெசின், அதை ரோதைமுனி சாமி பார்த்துக்கொள்ளும், இது நம்ம படகு என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா படகுக்குப் பின்னால் உட்கார்ந்து, வலம் வரும்படி கயிற்றைச் சுற்றினார். காத்தாடி இதழ்களையும் அதற்கேற்றபடி திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிறு, துரைமார் பந்தயம் முடிந்தபின் மாமாவுக்குக் குளத்தைக் கொடுத்தார்கள். லயத்து ஆட்கள் எல்லாம் கரையில். படகு அலறிக்கொண்டு கிளம்பியது. குளத்தின் நடுவுக்குப் போனது. அங்கே தொண்டையில் எதையோ வைத்து அடைத்தது போல ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. மார்கழிக் குளிரில் மாமா நீந்திப் போய் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்த ஞாயிறு இன்னொரு கேபிள் போட்டும் அதே நடு, அதே சத்தம். மறுபடி மாமா குளத்துக்குள்.

இரண்டாம் தடவை அவர் பல் நடுங்கக் கரையேறியபோது டிரைவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அவருக்கும் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

"என்ன தம்பி, நீந்திக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குப் போட்டு எதுக்கு? யாரு கையும் படாம ஒரு தடவ அது அந்தக் கல்லுல போயி முட்டட்டும். அன்னிக்கே நாம வெத்தல பாக்கு மாத்திக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வாக்கு மாறமாட்டீர்களே டிரைவரய்யா என்று கேட்டாள். ஹட்டன் பாதையில் லொறியைக்கூடப் பின்னால் எடுக்காதவன் நான், பேச்சையா எடுப்பேன் என்றார் அவர். சும்மா விளையாட்டுக்குச் சொன்ன பேச்சுதான். ஆனால் மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதற்குள் அது தோட்டம் முழுவதும் பரவி, சட்டமாகிவிட்டது. தை பிறக்க இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் மாமா குழாயிலிருந்து கேபிளை உருவினார். வரவே இல்லை. பலம் கொண்டு இழுத்தபோது வந்தது, சரியாகப் பின்னாத சடையைப் போல ஊதி, கம்பிகள் எல்லாம் தளர்ந்து. முதல் கேபிளும் இப்படித்தான் ஊதியிருந்தது, பழசு என்று தூக்கிப் போட்டிருந்தார். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காத்தாடி மாட்டும் முனையை என்னிடம் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எஞ்சின் முனையை அவர் பிடித்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து திருகினார். ஒரு பக்கம் திருகினால் கேபிள் என் விரலுக்குள் கொழுத்தது. மறுபக்கம் திருகினால் ஒடுங்கி, இறுகி, என் விரலையே இழுத்தது. அது ஏதோ ஒரு பிராணி மூச்சு விடுவது போல இருந்தது எனக்கு.

எந்தப் பக்கம் திருகினால் ஊதுகிறது என்று கேட்டார். வலப்பக்கம் என்றேன். இல்லை, இடப்பக்கம் என்றார் அவர். எனக்கு வலக்கை எது என்று தெரியாதா, சாப்பிடுகிற கையல்லவா என்று நான் கோபித்துக்கொண்டேன். அவரும் தன் சாப்பிடுகிற கையைத் தூக்கிக் காட்டினார். இப்படியே சண்டை வளர்ந்து, நான் கேபிளைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மாமா மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாங்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு வலம் சுற்றுவது அவருக்கு இடம். அவருக்கு வலம் எனக்கு இடம்.

"பாப்பா, நீ இருக்கிறது போட்டுக்குப் பின்பக்கம். அங்கேர்ந்து பாக்க எடமா சுத்துனாதான் கம்பி இறுகும். நாம உங்கம்மா பேச்சக் கேட்டு அத அவுத்து விட்டுக்கிட்டிருந்திருக்கோம்."

விஷயம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? சூடம் காட்டின படகை இடம் சுற்ற அம்மா விடமாட்டாள். அவளுக்குத் தெரியாமல் செய்தால், நாளைக்குக் கல்யாணத்தில் தாலிக்கயிறு நழுவினாலும் இந்தக் காத்தாடிதான் காரணம் என்பாள். மாமா தாடையைச் சொறிந்துகொண்டு வாசலைப் பார்த்தார். பிறகு படகைத் தூக்கி, மூக்கு வாசலைப் பார்க்கும்படி ஒரு பெட்டி மேல் வைத்தார். பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு, எஞ்சின் சக்கரத்தை விரலால் மெல்ல மெல்ல இடப்பக்கம் சுற்றத் தொடங்கினார். என்னைப் பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார்.

அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையோடும் இடுப்பில் கட்டிய நனைந்த படங்கோடும் வாசலில் வந்து நின்றாள். முன்னாலிருந்து படகைப் பார்த்தாள். சக்கரம் அவளுக்கு நேர் வலமாக, கோயிலைச் சுற்றுகிற மாதிரி, சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்பத்தான்டா ஒனக்குப் புத்தி வந்திருக்கு. இத்தன நாளா நான் சொன்னத எடமா சுத்தினியோ என்னமோ, யாரு கண்டா" என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கினாள்.

அப்பா திடீரென்று வெளியே போய், தண்ணீர்ப் பீலியடியில் முகம் கழுவுகிற சாக்கில் வெகு நேரம் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மாமா மட்டும் பரம சாதுவாக, "நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றார். அம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்துதான் விட்டுக்கொடுத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அடிப்பாள் என்று அப்போது கேட்கவில்லை.

மாமா ஹட்டனுக்கு ஓடி, பாஸிடம் புதுக் கேபிள் ஒன்றை வாங்கிவந்தார். அதைப் போட்டு, ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கயிற்றை இடப்பக்கம் இழுத்துக் கையை விட்டார். படகு கிளம்பியது. பின்னால் கிளம்பியது. நேரே வந்து அவர் முழங்காலில் முட்டியது. சுற்றுகிற பக்கத்தை மாற்றியவர் காத்தாடியின் இதழ்களை மாற்ற மறந்துவிட்டார். பக்கத்தில் ரோதை துடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் அதைப் பார்த்து, பொண்ணு வேணாம்னு போட்டே திரும்பி வருது என்றார்கள். மாமா இடுக்கியை எடுத்து இரண்டு இதழ்களையும் மறுபக்கம் திருப்பினார். இந்தத் தடவை முன்னால் போனது. தொட்டியின் மறு முனையில் என் மேல் தண்ணீரை வாரி அடித்தது.

அதிலும் ஒரு வில்லங்கம். கொஞ்ச நேரம் ஓடியதும் மூச்சுத் திணறியது. இப்போது கேபிள் ஊதவில்லை. இறுகி இறுகி நீளம் குறைந்திருந்தது. காத்தாடியை முன்னால் இழுத்து, அதைத் தாங்கும் பித்தளைக் காலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. மாமா காத்தாடிக்கும் காலுக்கும் நடுவே சதுரமான அஞ்சு சதக் காசு ஒன்றை வைத்து, அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டுக் கேபிளைப் பூட்டினார். இழுத்துக்கொள்ள அவ்வளவு இடம் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு இறுகி, அது பாட்டுக்கு ஓடும் என்றார். அன்று தொட்டியில் அது எண்ணெய் தீரும்வரை ஓடியது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு லயம் வரை வந்தார்.

கடைசி ஞாயிறு பனி குளத்தின் மேல் படுத்திருந்தது. பனி விலகியபோது இரண்டு கரையும் ஆட்களால் நிறைந்திருந்தன. விஷயம் துரையின் காதுக்கும் போயிருக்க வேண்டும். எஞ்சினியரின் சிவப்புப் படகோடு மாமாவின் படகைச் சோடி சேர்த்து விடச் சொன்னார். அம்மா அக்கரைக்குப் போனாள். படகு எதிரே வருவதைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கேயிருந்து பார்த்தால் அது வலம் சுற்றுமல்லவா. என்னையும் கூட்டிப் போனாள். அங்கே பெண்கள் கூட்டத்தில், பிள்ளைக்காம்பரா அக்காவும் இடுப்பில் யாருடைய பிள்ளையையோ வைத்துக்கொண்டு நின்றார். வெளுத்த மஞ்சள் சேலை. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, மாமா நின்ற கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் அணை மேல் நடந்து வந்து எனக்கு முன்னால் குனிந்தார்.

"பாப்பா, பெரியவங்க எல்லாம் ஆளுக்கொரு பக்கம் பேசுவாங்க. நீதான் சாட்சி. யாரு கையும் படலன்னு நீ சொன்னாத்தான் செல்லும்."

அதற்குமுன் யாரும் என்னை ஒரு பொருட்டாக மதித்து எதையும் ஒப்படைத்ததில்லை. நான் கல் கட்டின் விளிம்பில் போய், கண்ணைக் கொட்டாமல் நின்றேன். டிரைவர் சற்றுத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மாமா கயிற்றை இழுப்பது தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. இரண்டு படகும் ஒன்றாகக் கிளம்பின. சிவப்பு முன்னால் போனது. எங்கள் படகு இரண்டு படகு நீளம் பின்னால். நடுக்குளம் வந்தது. எங்கள் லயத்து ஆட்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் அந்த இடம் மனப்பாடம். நடுக்குளம் வந்தது, போனது. படகு நிற்கவில்லை. அதன் சத்தம் இன்னும் ஒரு படி ஏறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, வயிறு தண்ணீரில் படாமல், தேயிலைப் பெட்டி எழுத்து வெயிலில் தெரிய, சிவப்புப் படகைத் தொட்டு, தாண்டி, அதை நுரையில் நனைத்துவிட்டு வந்தது. நான் கத்தினேன். அம்மா கத்தினாள். கொழுந்துக்காரப் பெண்கள் எல்லாரும் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. படகு நேரே கல் கட்டைப் பார்த்து வருகிறது. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. துரைமார் படகைப் பிடிக்க ஆள் உண்டு. எங்கள் படகைப் பிடிக்கக் கூடாது. கையால் தொட்டால் வாக்கு போச்சு. தொடாவிட்டால் பெட்டிப் பலகை கல்லில் மோதித் தூள் தூளாகப் போகும். ஒரு சாக்கை நனைத்துக் கல்லின் மேல் தொங்கவிட்டிருந்தால் முடிந்தது காரியம். யாருக்கும் தோன்றவில்லை. அது இவ்வளவு தூரம் வந்து சேரும் என்று உள்ளூர யாரும் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது, அம்மா உட்பட. அம்மா இரண்டு கையையும் நீட்டினாள், உடனே நெருப்பைத் தொட்டவள் போல இழுத்துக்கொண்டாள்.

இடுப்புப் பிள்ளை என் அம்மாவின் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. மஞ்சள் சேலை என்னைத் தாண்டிப் போனது. அக்கா கல் கட்டிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் குதித்தார். மார்கழித் தண்ணீர், இடுப்புக்கு மேல். இரண்டு கையையும் அகல விரித்து நின்று, வந்த படகை நெஞ்சோடு வாங்கி, காத்தாடி தண்ணீருக்கு மேலே வரும்படி தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். எஞ்சின் வானத்தைப் பார்த்து அலறியது. படகின் மூக்குக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. நான்தான் சாட்சி, நன்றாகப் பார்த்தேன். ஒரு முழம் இருந்தது.

மாமா அணையைச் சுற்றி ஓடிவந்து அவரும் தண்ணீருக்குள் இறங்கினார். காற்றுத் துளையை விரலால் அடைத்து எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று குளம் முழுவதும் அமைதி. இருவரும் படகை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, விடாமல், ஈரத்தோடு நின்றார்கள். அக்காவுக்கு உதடு நடுங்கியது. எதிர்க்கரையில் இருந்த துரைகூடத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

டிரைவர் கல் கட்டுக்கு வந்தார். மகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, என்னம்மா சாட்சி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி எனக்கு எதைச் சொல்லச் சொல்கிறது என்று புரியவில்லை. கல்லில் முட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மாமாவுக்காக எதையும் செய்யக்கூடியவள்தான் நான். ஆனால் டிரைவர் என்னை நம்பி ஒப்படைத்திருந்தார்.

"முட்டல. அக்கா புடிச்சிட்டாங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். இவ்வளவு பாடுபட்ட கேபிளையும், மணல் சலித்த என்னையும், மாமாவின் கல்யாணத்தையும் ஒரு முழத்தில் இந்த அக்கா கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அவர் மேல் ஆத்திரமான ஆத்திரம். இவரை யார் தொடச் சொன்னது? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் பிள்ளைகளை அல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்?

டிரைவர் மீசையைத் தடவினார். அவர் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

"எம்மவதான் இத்தன பேரு பாக்கக் குதிச்சுப் புடிச்சிட்டாளே. இனிமே நான் என்னத்தச் சொல்ல" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஏறி வாங்க, மாப்ள. குளுருது."

பெண்கள் குலவையிட்டார்கள். அம்மா பிள்ளையையும் வைத்துக்கொண்டு, ஈரச்சேலையோடு நின்ற அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் என்னைப் போல ஏமாற்றத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து நான் இன்னும் பலமாக அழுதேன். மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு யாரையும் தொட விடாமல் மறுபடி விடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் காதில் சொன்னேன். இனிமேல் வேண்டியதில்லை பாப்பா என்றார். தோற்ற மனிதர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தை பிறந்ததும் வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். படகு கல்லில் முட்டவில்லை என்று நானே என் வாயால் சொல்லியிருக்கிறேன், டிரைவர் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். தோட்டமே மறந்துவிட்டது. யாராவது ஞாபகப்படுத்தித் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். அதனால் கல்யாணத்தன்று, மாலை மாற்றி, தாலி ஏறி, எல்லோரும் பந்தியில் உட்காரும்வரை நான் டிரைவரின் கண்ணில் படாமல் கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே இருந்தேன்.